சோஷியல் மீடியாவை விடாமலே குறைப்பது எப்படி?

வைராக்கியமாக இன்ஸ்டாகிராமை டெலீட் செய்தவர் நாலாம் நாள் மறுபடி இறக்கிக்கொள்வது சகஜம். மனவுறுதி போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார். உண்மையில் அவர் ஒரே வெட்டில் இரண்டு வேலைகளை வெட்டிவிட்டார். தெரிந்தவர்களோடு பேசுவது ஒன்று. ஆப் எடுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பது இன்னொன்று. கல்லூரித் தோழியின் மெசேஜும் முன்பின் தெரியாதவர் போட்ட பிரியாணி ரீலும் ஒரே ஐகானுக்குள் கிடக்கின்றன. பேச்சுக்கு முடிவு உண்டு; பதில் போட்டால் வேலை தீர்ந்தது. ரீலுக்கு முடிவே வைக்கப்படவில்லை. முன்பெல்லாம் பக்கத்தின் அடிக்கு வந்ததும் 'அடுத்த பக்கம்' என்ற பட்டனை அழுத்த வேண்டியிருந்தது. அடுத்தது தானாகவே வந்துகொண்டிருக்கும் முறையை 2006-ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கினார். பிற்பாடு அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். போதும் என்று எழுந்துபோகக் கிடைத்த அந்த ஒரு நொடி அதோடு போய்விட்டது.

பேசுவதை அப்படியே வைத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே இருப்பதை மட்டும் குறைக்கத்தான் இனி வரும் ஏற்பாடுகள். போன் கம்பெனியைப் பொறுத்தும் அப்டேட்டைப் பொறுத்தும் மெனுப் பெயர்கள் கொஞ்சம் மாறும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் வந்துவிடும்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்'. இரண்டுமே 2018-லிருந்து இருக்கின்றன. ஒரு வாரம் வழக்கம்போல போனைப் பயன்படுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று எண்களை ஒரு தாளில் குறியுங்கள்: ஒவ்வொரு ஆப்பிலும் போன நேரம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனைத் திறந்தீர்கள், எந்த ஆப் எத்தனை நோட்டிஃபிகேஷன் அனுப்பியது. ஐபோனில் கூடுதலாக ஒன்று தெரியும்: போனைக் கையில் எடுத்தவுடன் முதலில் திறந்த ஆப் எது என்பது. மொத்த நேரத்தைவிட அந்த ஒரு வரிதான் பழக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எண்களை அப்படியே நம்பிவிட வேண்டாம். சமைக்கும்போது பாட்டுக்காக ஓடவிட்ட யூடியூப், துபாயில் இருக்கும் மகனோடு பேசிய வாட்ஸ்அப் வீடியோ கால், பஸ்ஸைத் தேடிய மேப் எல்லாம் கூட்டுத்தொகையில் சேர்ந்திருக்கும். அவற்றைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் கணக்கு.

எவ்வளவு இருந்தால் சரி? எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. வளரிளம் பருவத்தினரில் நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சோஷியல் மீடியாவில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அறிகுறிகள் வரும் அபாயம் இரட்டிப்பு என்று அமெரிக்க அரசின் பொது சுகாதாரத் தலைமை மருத்துவரான சர்ஜன் ஜெனரல் 2023-ல் வெளியிட்ட அறிவுறுத்தல் எச்சரித்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் 143 மாணவர்கள் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு 10 நிமிடம் என்று மூன்று வாரம் இருந்தார்கள். தனிமை உணர்வும் மனச்சோர்வும் அவர்களிடம் குறைந்தன. அவர்கள் யாரும் அடியோடு விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதற்காக முதல் நாளே 10 நிமிடத்துக்கு இறங்க வேண்டாம். இன்ஸ்டாகிராமில் 90 நிமிடம் போகிறது என்றால் 60 வைத்து ஆரம்பியுங்கள். இரண்டு வாரம் கழித்து 40. மிகக் குறைவாக வைத்தால் தினமும் எல்லையைத் தாண்டுவீர்கள். தாண்டத் தாண்ட 'இன்றைக்கு மட்டும்' என்று தட்டுவது கைப்பழக்கமாகிவிடும். பிறகு டைமர் வைத்தும் வைக்காத மாதிரிதான்.

சத்தம் வந்தால் ஆள் கூப்பிடுகிறார் என்று அர்த்தமாகட்டும்

நோட்டிஃபிகேஷனை முழுக்க அணைப்பது பலரும் செய்யும் முதல் காரியம். அது பெரும்பாலும் சரிப்பட்டு வராது. இந்தியாவில் 237 பேரை வைத்து இரண்டு வாரம் நடந்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல, ஒரு பிரிவினருக்கு மணிக்கு ஒருமுறை, ஒரு பிரிவினருக்கு நாளைக்கு மூன்று முறை மொத்தமாக, ஒரு பிரிவினருக்கு எதுவுமே இல்லை. மூன்று முறை மொத்தமாகப் பெற்றவர்களுக்குத்தான் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. எதுவுமே வராதவர்களுக்கு எதையோ தவறவிடுகிறோம் என்ற பதற்றம் கூடியது. மகள் ஸ்கூலிலிருந்து ஏதாவது வந்திருக்குமோ என்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பவருக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் 'ஷெட்யூல்டு சம்மரி' என்று இருக்கிறது. காலை 9, மதியம் 1:30, மாலை 6:30 என்று மூன்று நேரம் கொடுத்து, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், செய்தி ஆப்கள், ஷாப்பிங் ஆப்களை அதற்குள் போடுங்கள்.

ஆண்ட்ராய்டில் வகை வகையாகப் பிரிக்க வேண்டும். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டாகிராம், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் நீளமான பட்டியல் வரும். மெசேஜ், கால் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள். லைக், புது ஃபாலோயர், 'உங்களுக்குப் பிடிக்கலாம்', லைவ் எதுவுமே உடனே தெரியவேண்டியதில்லை. பட்டியலைத் தேடப் பொறுமை இல்லையென்றால், வேண்டாத நோட்டிஃபிகேஷன் வரும்போது அதன்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். அந்த வகையை மட்டும் அணைக்க அங்கேயே வழி இருக்கும். யூடியூபில் 'ஷெட்யூல்டு டைஜெஸ்ட்' என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால் எல்லாம் சேர்ந்து நாளைக்கு ஒருமுறை, நீங்கள் சொன்ன நேரத்துக்கு வரும். ஆப் ஐகான்மேல் நிற்கும் சிவப்பு எண்ணையும் எடுத்துவிடுங்கள். சத்தத்தை அணைத்த பிறகும் கண்ணை இழுப்பது அதுதான்.

வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு மாற்றம் பெரிய நிம்மதி தரும். செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் உள்ளே மெசேஜுக்குத் தனியாகவும் குரூப்புக்குத் தனியாகவும் அமைப்பு இருக்கும். ஆண்ட்ராய்டில் குரூப் பகுதியில் ஒலியை 'நன்' (None) என்று வையுங்கள், அதிர்வை அணையுங்கள், 'ஹை பிரையாரிட்டி'யை எடுத்துவிடுங்கள். ரியாக்‌ஷன் நோட்டிஃபிகேஷன்களையும் இரண்டு இடத்திலும் அணையுங்கள். இனி வாட்ஸ்அப் ஒலித்தால் ஒரு மனிதர் உங்களுக்கென்று எழுதியிருக்கிறார். குரூப்பில் நாற்பதாவது ஆள் போட்ட கைகூப்பும் இமோஜியாக இருக்காது. இரண்டு மூன்று நாளிலேயே காது இதற்குப் பழகிவிடும்.

குடும்ப குரூப் என்கிற சங்கடம்

குரூப்பை விட்டு வெளியேறுங்கள் என்று அறிவுரை சொல்வது சுலபம். பெரியப்பா ஆரம்பித்த குரூப்பிலிருந்து வெளியேறிப் பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். இப்போது வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும் என்பது உண்மைதான். ஆனால் கடந்த 60 நாளில் வெளியேறியவர்களின் பெயர்களை குரூப் விவரத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உறவுக்காரர்கள் குரூப்பில் அது ஒருநாள் கண்ணில் பட்டே தீரும்.

அதனால் ஆர்க்கைவ்தான், அதாவது சாட் பட்டியலில் தெரியாமல் தனியே ஒதுக்கிவைப்பதுதான், நல்ல வழி. குரூப்பை அழுத்திப் பிடித்து ஆர்க்கைவ் செய்யுங்கள். சாட்ஸ் அமைப்பில் 'கீப் சாட்ஸ் ஆர்க்கைவ்டு' இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த 'குட் மார்னிங்' வந்ததும் குரூப் மேலே ஏறிக்கொள்ளும். ஆர்க்கைவில் இருக்கும்போதும் யாராவது உங்கள் பெயரைக் குறிப்பிட்டாலோ உங்கள் மெசேஜுக்குப் பதில் எழுதினாலோ தகவல் வரும். வீட்டு விசேஷம், உடம்பு சரியில்லை போன்ற சேதிகளைச் சொல்ல பெயரைக் குறிப்பிடச் சொல்லி ஓரிருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும். ஆர்க்கைவை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை திறந்து, நாலு பேருக்குப் பதில் போட்டுவிட்டு மூடுங்கள். எந்த நேரமும் பார்த்துப் பதிலே போடாதவரைவிட, ஒரு வேளை வந்து விசாரிப்பவரைத்தான் உறவுக்காரர்களுக்குப் பிடிக்கும்.

உண்மையிலேயே முக்கியமானவர்களின் சாட்டை 'பின்' (Pin) செய்து பட்டியலின் மேலேயே நிறுத்துங்கள். ஸ்கூல் குரூப்பும் அபார்ட்மென்ட் குரூப்பும் வேறு மாதிரி. தண்ணீர் லாரி வரும் நேரம் தெரிந்தாக வேண்டும். அதற்குக் கீழே வரும் அறுபது 'ஓகே' வேண்டாம். அட்மின்கள் மட்டும் எழுதும்படி குரூப் அமைப்பில் மாற்ற முடியும். அட்மினிடம் கேளுங்கள், அவருக்கும் அது நிம்மதிதான். கேள்வி கேட்க இன்னொரு குரூப் இருந்தால் போதும்.

புதுப் புது குரூப்பில் சேர்க்கப்படுவதைத் தடுக்க பிரைவசி, குரூப்ஸ் என்று போய் 'மை காண்டாக்ட்ஸ்' வையுங்கள். மீடியா ஆட்டோ டவுன்லோடை மொபைல் டேட்டாவுக்கும் வைஃபைக்கும் அணையுங்கள். வீடியோக்கள் தானாக இறங்காவிட்டால் பாதியைத் திறக்கவே தோன்றாது. இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறி வந்தது. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020-ல் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியதே அது பரவும் வேகத்துக்காகத்தான். அந்தக் குறியைப் பார்த்தால் ஃபார்வர்ட் செய்யாமல் விடுவது நல்லது.

ஆப் எடுத்துப் போடுவதைக் குறைப்பது

இன்ஸ்டாகிராமில் 'ஃபாலோயிங்' என்று ஒரு பார்வை உண்டு. நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகள் மட்டும், புதியது மேலே. பார்த்து முடித்தால் முடிந்தது. குறை என்னவென்றால் ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் மறுபடி அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நிரந்தரமாக வைக்க முடியாது. கன்டென்ட் அமைப்புகளில், பரிந்துரைக்கப்படும் பதிவுகளை 30 நாளுக்கு நிறுத்திவைக்கும் பட்டன் இருக்கிறது. 30 நாள் முடிந்ததும் சத்தமில்லாமல் பழையபடி ஆகிவிடும் என்பதால், அன்றே காலண்டரில் அடுத்த தேதிக்கு நினைவூட்டல் போடுங்கள். இது முகப்புக்கு மட்டும்தான். ரீல்ஸ் பக்கத்தை இது தொடாது. ஃபேஸ்புக்கில் மெனுவுக்குள் 'ஃபீட்ஸ்' என்ற பகுதி இதே வேலையைச் செய்யும்.

யூடியூபில் இருப்பது கொஞ்சம் கடுமையான வைத்தியம். வாட்ச் ஹிஸ்டரியை அழித்துவிட்டு அணைத்தால் முகப்புப் பக்கம் வெறுமையாகிவிடும். தேடல் பெட்டியும் சப்ஸ்க்ரிப்ஷன் பக்கமும் வழக்கம்போல வேலை செய்யும். சாம்பார்ப் பொடி அளவு தேடப் போனால் சாம்பார்ப் பொடி அளவு தெரிந்துகொண்டு திரும்பலாம். விலை என்னவென்றால், பாதியில் விட்ட வீடியோ எங்கே நின்றது என்பது யூடியூபுக்கு நினைவிருக்காது. அதே கணக்கு டிவியிலும் இருந்தால் அங்கேயும் முகப்பு காலியாகும், வீட்டில் ஒரு சத்தம் கிளம்பும். டிவிக்கு வேறு கணக்கு போட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவருடைய பதிவைப் பார்த்தாலே மனசு சுருங்குகிறது என்றால், அது புது வீட்டு கிரகப்பிரவேசமோ வெளிநாட்டு டூரோ எதுவாகவும் இருக்கட்டும், அவரை மியூட் செய்யுங்கள். அன்ஃபாலோ செய்தால் தெரியவரலாம். மியூட் செய்தால் அவருக்குத் தெரியாது. கல்யாணத்தில் பார்த்தால் வழக்கம்போலப் பேசலாம்.

டைமர் தோற்பது எங்கே

டிஜிட்டல் வெல்பீயிங் பட்டியலில் ஆப்புக்குப் பக்கத்தில் இருக்கும் மணற்கடிகாரத்தைத் தட்டினால் நாளுக்கு இத்தனை நிமிடம் என்று வைக்கலாம். நேரம் முடிந்ததும் ஐகான் சாம்பல் நிறமாகி, ஆப் மூடிக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. மூன்று இடங்களில் ஓட்டை.

முதலாவது நள்ளிரவு. டைமர் 12 மணிக்குப் புதுப்பிக்கப்படும். 11:40-க்கு நேரம் தீர்ந்தவர் இருபது நிமிடம் விழித்திருந்தால் முழுசாக இன்னொரு நாளுக்கான நேரம் கைக்கு வந்துவிடும். இரவில் ஸ்க்ரோல் செய்பவர்களுக்கு டைமர் உதவாமல் போவதற்கு இதுவே காரணம். கூடவே 'பெட்டைம் மோடு' வையுங்கள்: இரவு 10 முதல் காலை 6 வரை, திரை கறுப்பு வெள்ளை, டூ நாட் டிஸ்டர்ப் இயக்கம். நிறம் போனால் ரீல்ஸில் பாதி ருசி போய்விடும்.

இரண்டாவது, தட்டிவிட்டுத் தாண்டுவது. ஐபோனில் எல்லை முடிந்ததும் 'இக்னோர் லிமிட்' வரும். ஒரு நிமிடம், 15 நிமிடம், இன்று முழுக்க என்று மூன்று வழி காட்டும். எல்லை வைக்கும்போதே 'பிளாக் அட் எண்ட் ஆஃப் லிமிட்' என்பதை இயக்கி, ஸ்கிரீன் டைம் பாஸ்கோடை மனைவியோ கணவரோ அண்ணனோ போடச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத எண்ணாக இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே இருக்கும் தினசரி எல்லை வெறும் நினைவூட்டல்தான். அதை நம்பி இருக்காதீர்கள்.

மூன்றாவது, இடம் மாறுவது. இன்ஸ்டாகிராம் மூடிக்கொண்டால் விரல் யூடியூப் ஷார்ட்ஸுக்குப் போகும், அங்கேயும் மூடினால் ஃபேஸ்புக். இந்தியாவில் 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்ட சில வாரங்களில் ரீல்ஸும் செப்டம்பரில் ஷார்ட்ஸும் இங்கே வந்துவிட்டன; ஒரே சரக்கு எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. குட்டி வீடியோ இருக்கும் எல்லா ஆப்புக்கும் ஒரே நாளில் எல்லை வையுங்கள். வாட்ஸ்அப்புக்கு வைக்க வேண்டாம். அவசரத்தில் மூடிக்கொண்டால் அன்றே எல்லாவற்றையும் கழற்றிவிடுவீர்கள்.

இதெல்லாம் செய்தும் அடங்கவில்லையென்றால் ஆப்பை எடுத்துவிட்டு பிரவுசரில் பயன்படுத்துங்கள். பாஸ்வேர்டைச் சேமிக்காமல், ஒவ்வொரு முறையும் லாக் அவுட் செய்யுங்கள். மெசேஜ் பார்க்கலாம், பதில் போடலாம். பத்து எழுத்து பாஸ்வேர்டைத் தட்டும் நேரத்துக்குள் பாதி ஆசை அடங்கிவிடும்.

படுக்கையறையில் சார்ஜர் இருந்தால் மேலே சொன்ன எதுவும் முழுதாக வேலை செய்யாது. சார்ஜரை ஹாலுக்கு மாற்றி, சில நூறு ரூபாய்க்கு ஓர் அலாரம் கடிகாரம் வாங்குங்கள். ஊரில் வயசான அம்மா இருக்கிறார், இரவில் கூப்பிட்டால் என்ன செய்வது என்பவர்கள், டூ நாட் டிஸ்டர்ப்பில் அவர் எண்ணை விதிவிலக்காகச் சேர்த்து, ஒலியைக் கூட்டி வையுங்கள். 'ரிப்பீட் காலர்ஸ்' இயங்கினால், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் அதே எண்ணிலிருந்து இரண்டாம் முறை வரும் அழைப்பும் ஒலிக்கும். டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்களின் மெசேஜ் காலையில் பார்த்துக்கொள்ளலாம். நேர வித்தியாசம் அவர்களுக்கும் தெரியும்.

பிள்ளைகளின் போன்

இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 'டீன் அக்கவுண்ட்' என்ற ஏற்பாடு 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. கணக்கு தானாகப் பிரைவேட்டாக இருக்கும், 60 நிமிடத்தில் நினைவூட்டும், இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் அடங்கும். 16-க்குக் கீழே இருப்பவர்கள் இவற்றைத் தளர்த்த பெற்றோர் அனுமதி வேண்டும். பிறந்த வருஷத்தைப் பொய்யாகக் கொடுத்திருந்தால் இதில் எதுவும் கிடைக்காது. கணக்கு தொடங்கும்போது பெற்றோரே வருஷத்தை ஏற்றிக் கொடுப்பதும் நடக்கிறது, அங்கேதான் பாதுகாப்பு போகிறது. அம்மாவின் போனில் விளையாடும் சின்னப் பிள்ளைகளுக்கும் இது உதவாது. அவர்களுக்கு யூடியூப் கிட்ஸ் மட்டும் திறந்து கொடுங்கள். அவர்களுக்கென்று தனி போன் இருந்தால் கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' வழியாக உங்கள் போனிலிருந்தே நேரம் வைக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் போன் கூடாது என்ற விதி அப்பாவுக்கும் பொருந்தினால்தான் நிற்கும்.

தூக்கம் கெட்டு, படிப்போ வேலையோ சரிந்து, நிறுத்த நினைத்தும் முடியாத நிலை வந்துவிட்டால் செட்டிங்ஸ் போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள்; கட்டணமில்லா எண், தமிழிலும் பேசலாம்.

வியாபாரமே அங்கேதான் என்பவர்களுக்கு

இன்ஸ்டாகிராமில் புடவையோ கேக்கோ விற்பவர்களிடம் ஆப்பை எடு என்று சொல்ல முடியாது. ஆனால் விற்பதற்கு ரீல்ஸ் பார்க்க வேண்டியதில்லை. 'மெட்டா பிசினஸ் சூட்' என்ற ஆப்பில் பதிவு, ஸ்டோரி, ரீல் மூன்றையும் முன்கூட்டியே நேரம் குறித்துப் போடலாம். கமென்ட்டுக்கும் மெசேஜுக்கும் அங்கிருந்தே பதில் எழுதலாம். மற்றவர்கள் போடும் ரீல்ஸ் அங்கே வராது. ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஆறு நாள் பதிவுகளை ஏற்றிவிட்டால், வாரம் முழுக்க இன்ஸ்டாகிராமைத் திறக்க வேண்டிய காரணம் ஒன்று குறைகிறது. 'ட்ரெண்ட் பார்க்கணுமே' என்பது நியாயமான தேவைதான்; அதற்கு வாரத்தில் ஒரு மணி நேரம், கம்ப்யூட்டரில்.

ஆர்டர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ். வேலை நேரத்தைக் குறித்துவிட்டு, அதற்கு வெளியே மட்டும் போகும்படி 'அவே மெசேஜ்' எழுதுங்கள்: "வணக்கம். ஆர்டர்களைக் காலை 10 முதல் 12 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் பார்க்கிறோம். புடவை எண், ஊர், பின்கோடு எழுதி வையுங்கள். முதலில் எழுதியவருக்கே முதலில் எடுத்து வைப்போம்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பதில் தாமதமானால் புடவை போய்விடுமோ என்ற பயத்தில்தான் மக்கள் ஐந்து முறை கூப்பிடுகிறார்கள். கூரியர் எப்போது வரும், கலர் போகுமா, பணம் எப்படி அனுப்புவது என்ற கேள்விகளுக்கான பதிலை 'குவிக் ரிப்ளை'யாகச் சேமித்தால், சாய்கோட்டைத் தட்டியதும் வந்து நிற்கும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயத்தில் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், சீசன் முடிந்த அன்றே பழைய நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள், இல்லையென்றால் கார்த்திகையிலும் இரவு 11 மணிக்கு "மேடம், இருக்கீங்களா?" வரும்.